ஜனங்கள் எதில் உட்காருவார்கள்?

அப்பா கம்பெனியைப் பெரியவளிடம் ஒப்படைத்தபோது இரண்டு மோல்டிங் மெஷின்களையும் ஒரு பழைய லாரியையும் மூன்று சொந்தக்காரர்களையும் சேர்த்தே ஒப்படைத்தார். மெஷின்களைப் பழுது பார்க்க ஆள் இருந்தது. லாரியை நாலு பேர் தள்ளினால் கிளம்பிவிடும். அந்த மூன்று பேரைத்தான் என்ன செய்வது என்று அவளுக்குப் புரியவில்லை.

அவள் வீட்டுக்கு மூத்த பெண். அதனால் எல்லோருக்கும் பெரியவள். கம்பெனி பிளாஸ்டிக் நாற்காலி செய்தது. டீக்கடை வாசலில், ஆஸ்பத்திரி வராந்தாவில், கட்சிக் கூட்டத்தில், எங்கே பார்த்தாலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த நாற்காலி. அப்பாவுக்கு நெஞ்சைப் பிடித்து, மாடிப்படி, உப்பு, கம்பெனி மூன்றையும் விட்டுவிடச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் முதல் இரண்டையும் இன்றுவரை விடவில்லை. மூன்றாவதை மட்டும் மகள் தலையில் கட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

மூவரில் முதலாமவர் சித்தப்பா. அப்பாவின் தம்பி. கொள்முதல் அவர் பொறுப்பு. உருக்கி அச்சில் வார்ப்பதற்காக வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் பிளாஸ்டிக் குருணையை யாரிடம் வாங்குவது என்பதில் அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது. எவன் அவரைக் கண்டதும் எழுந்து நிற்கிறானோ அவனிடம் வாங்குவார். எழுந்து நின்றதோடு டீயும் வரவழைத்தால் விலை கேட்க மாட்டார்.

இரண்டாமவர் தாய்மாமா. அம்மாவுக்கு ஒரே தம்பி. விற்பனை அவருடையது. போனை எடுத்தால் தேன் சொட்டும். ஊதா நிறத்தில் ஐம்பது நாற்காலி வேண்டும் என்று எந்த டீலர் கேட்டாலும், "உங்களுக்கு இல்லாததா? செஞ்சுடலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பார். மெஷினில் நிறம் மாற்றுவது சட்டை மாற்றுவது போல அல்ல. உள்ளே கிடக்கும் பழைய பிளாஸ்டிக் முழுக்க வெளியேறும்வரை வருகிற நாற்காலிகளெல்லாம் மாட்டுத்தோல் போலத் திட்டுத் திட்டாக இருக்கும். அத்தனையும் கழிவு. மாமாவின் ஐம்பது ஊதாவுக்காக அரை நாள் உற்பத்தி குப்பைக்குப் போகும்.

மூன்றாமவர்தான் தொட முடியாதவர். தங்கையின் கணவர், வீட்டு மாப்பிள்ளை. உற்பத்தித் திட்டம் அவர் கையில். செல்போனில் நிர்வாகம் பற்றிய வீடியோ பார்ப்பார். பார்த்ததைத் திங்கட்கிழமை தொழிற்சாலையில் அமல்படுத்துவார். ஒரு திங்கட்கிழமை தரை முழுக்க மஞ்சள் கோடு போட்டார். அடுத்த திங்கட்கிழமை, கருவிகளையெல்லாம் அகர வரிசைப்படி அடுக்கச் சொன்னார். சுத்தியல் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஃபிட்டர் அதை 'ஹ'வில் தேடிக்கொண்டிருந்தார், ஹேமர் என்று நினைத்து.

சாதாரணக் காலமாக இருந்தால் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே ஓட்டிவிடலாம். காலம் சாதாரணமாக இல்லை. நாட்டின் பணத்துக்கு மதிப்பு மாதா மாதம் இறங்கிக்கொண்டே போனது. குருணையின் விலை அதற்கு நேர்மாறாக ஏறியது. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்பது மின்சார வாரியத்துக்கே தெரியாது. போதாக்குறைக்குத் துறைமுகத்தில் வெளிநாட்டு நாற்காலிகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. அவை விற்கிற விலையும் இவள் குருணைக்குக் கொடுக்கிற விலையும் ஏறக்குறைய ஒன்று. டீலர்களோ நாற்காலியை இன்று எடுத்துக்கொண்டு பணத்தை அடுத்த வருடம் தருவதைப் பற்றிப் பேசினார்கள்.

பெரியவள் புதிதாக ஒரு மேனேஜரை வேலைக்கு வைத்திருந்தாள். வெளி ஆள். அளந்து பேசுகிறவர். ஒரு வாரம் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவள் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"மேடம், ஒண்ணு சொல்லலாமா? தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"ஒரே மாடல். வெள்ளை, பழுப்பு, ரெண்டே நிறம். நல்ல குருணையா ஒரே இடத்துல வாங்கணும். அப்புறம் மெஷின் பக்கம் யாரும் போகக் கூடாது. அது பாட்டுக்கு ஓடும்."

"யாரும்னா?"

மேனேஜர் ஜன்னல் வழியாகத் தரையிலிருந்த மஞ்சள் கோடுகளைப் பார்த்தார். "யாரும்னா... யாரும்தான் மேடம்."

அவளுக்கும் அது தெரிந்ததுதான். அன்று சாயங்காலமே அப்பாவிடம் பேச்சை எடுத்தாள். அவர் முழுதாகக்கூடக் கேட்கவில்லை.

"சித்தப்பாவை நிறுத்தினா உன் சித்தி நம்ம வாசப்படி மிதிக்க மாட்டா. உன் மாமாவை நிறுத்தினா உங்க அம்மா எனக்குச் சாப்பாடு போட மாட்டா. மாப்பிள்ளையை நிறுத்தினா உன் தங்கச்சி பெட்டியோட இங்க வந்துடுவா. மூணையும் நீ சமாளிப்பேன்னா சொல்லு, நாளைக்கே நிறுத்தலாம்."



வழி கிடைத்தது வங்கியில்தான். கடனுக்காக மேலாளரைப் பார்க்கப் போய், அவர் அறைக்கு வெளியே வெகு நேரம் காத்திருந்தாள். எதிரே ஒரு கண்ணாடி அறை. கதவில் 'சிறப்புத் திட்டங்கள்' என்று பித்தளை எழுத்து. உள்ளே ஏசி, சோபா, பூ ஜாடி. பெரிய மேஜைக்குப் பின்னால் ஒருவர் மிகுந்த கவனத்தோடு பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அவர் என்ன பண்றாரு?" என்று பக்கத்திலிருந்த கிளார்க்கிடம் கேட்டாள்.

கிளார்க் குரலைத் தாழ்த்தினார். "அவரா? மேலிடத்துக்கு மச்சான். முன்னாடி கடன் பிரிவுல இருந்தாரு. கேட்டவங்களுக்கெல்லாம் கடன் குடுத்துட்டாரு. அதான் பதவி உயர்வு."

பெரியவளுக்குக் கடன் கிடைக்கவில்லை. ஆனாலும் வங்கியிலிருந்து முகமெல்லாம் சிரிப்பாகத்தான் வெளியே வந்தாள்.

அடுத்த வாரமே மூவரையும் அழைத்தாள். மேஜையில் நல்ல பிஸ்கட்டும் முந்திரியும் வைத்திருந்தாள். முகத்தை எவ்வளவு கவலையாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு கவலையாக வைத்துக்கொண்டாள்.

"பெரிய கம்பெனிங்கள்ல எல்லாம் வியூகக் குழுன்னு ஒண்ணு இருக்கு. அன்றாட வேலை எதையும் அவங்க தொட மாட்டாங்க. தொலைநோக்கா யோசிக்கிறது மட்டும்தான் அவங்க வேலை. நம்மகிட்ட அப்படி யோசிக்கிறவங்க இருக்காங்க. ஆனா நான் பாவி, அவங்களைக் குருணை வாங்கவும் போன் பேசவும் வச்சு வீணாக்கிட்டேன்."

சித்தப்பா ஒரு முந்திரியை எடுத்து அப்படியே கையில் வைத்துக்கொண்டார். "அப்ப கொள்முதலை யாரு பாக்கறது அம்மாடி?"

"மேனேஜர் பாத்துக்கட்டும் சித்தப்பா. அது சில்லறை வேலை. நீங்க ஏன் போய் எவன் கடையிலயோ நிக்கணும்?"

சித்தப்பாவுக்கு இதுவரை அப்படித் தோன்றியதில்லை. இப்போது தோன்றியது.

"ஆபீஸ் எங்க?" என்றார் மாமா. மாமா விவரமானவர்.

"இங்க இல்ல மாமா. இந்தச் சத்தத்துல எப்படி யோசிப்பீங்க? கடைத்தெருவுல, கண்ணாடிக் கடைக்கு மேல் மாடி. ஏசி போட்டாச்சு. தனி ஜெனரேட்டர். கரண்ட் போனாலும் ஏசி நிக்காது."

கடைசி வாக்கியத்தில் மாமா குளிர்ந்துபோனார். மாப்பிள்ளை மட்டும் இன்னும் பிடி கொடுக்கவில்லை. அவருக்காகவே அச்சடித்து வைத்திருந்த விசிட்டிங் கார்டை அவள் நகர்த்தினாள். 'தலைமை வியூக அலுவலர்' என்று தங்க நிறத்தில் மின்னியது. அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார்.

"எதைப் பத்தி யோசிக்கணும் அக்கா?"

அங்கேதான் அவள் கொஞ்சம் தடுமாறினாள். ஏசி, கார்டு, ஜெனரேட்டர் வரைக்கும் திட்டம் போட்டவள் இதை யோசிக்க மறந்துவிட்டாள். வாயில் வந்ததைச் சொன்னாள்.

"பத்து வருஷத்துக்கு அப்புறம் ஜனங்க எதுல உக்காருவாங்க? அதைக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு பெரிய கேள்வியை அவர்களிடம் யாரும் கேட்டதே இல்லை.

அதன்பின் தொழிற்சாலையில் ஒரு நிம்மதி வந்தது. மேனேஜர் பழைய துணியைப் பெயின்ட் கரைக்கும் தின்னரில் நனைத்துத் தரையிலிருந்த மஞ்சள் கோடுகளைத் தானே முட்டிபோட்டுத் துடைத்தார். சுத்தியல் சுத்தியல் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தது. வெள்ளை ஒரு வாரம், பழுப்பு ஒரு வாரம் என்று மெஷின் அது பாட்டுக்கு ஓடியது. கரண்ட் பெரும்பாலும் போகாத அதிகாலையில் ஒரு ஷிப்ட் வைத்தார்கள். கால் உடைந்து திரும்பி வரும் நாற்காலிகள் குறைந்தன. உள்ளூர் நாற்காலி கொஞ்சம் விலை கூட என்றாலும் உட்கார்ந்தால் கீழே விழ வேண்டியதில்லை என்று பேச்சு பரவியது. டீலர்கள், வேறு வழியில்லாமல், பழைய பாக்கியைக் கொடுத்துவிட்டுப் புதுச் சரக்குக் கேட்டார்கள்.

மாதம் ஒரு தடவை பெரியவள் கடைத்தெரு மாடிக்குப் போய் வியூகக் குழுவைப் பார்ப்பாள். போகாவிட்டால் சந்தேகம் வந்துவிடும். முதல் தடவை போனபோது, பத்து வருடத்தில் எல்லோருக்கும் முட்டி வலி வந்துவிடும், டாக்டர்கள் தரையில்தான் உட்காரச் சொல்லப்போகிறார்கள், எனவே நாற்காலியே இருக்காது என்று சித்தப்பா வாதாடினார். முட்டி வலி வந்தவன் தரையில் உட்கார்ந்தால் எப்படி எழுந்திருப்பான் என்று மாமா கேட்டார். இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோய், மாப்பிள்ளை நடுவில் சமாதானம் செய்துகொண்டிருந்தார். இரண்டாம் தடவை போனபோது அறை முழுக்க விதவிதமான நாற்காலிகள். ஆராய்ச்சிக்காம். மாமா ஒரு சாய்வு நாற்காலியை ஆராய்ந்துகொண்டே தூங்கிப்போயிருந்தார். இறங்கி வரும்போது மாடிப்படியில் பெரியவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

ஐந்தாவதோ ஆறாவதோ தடவை போனபோது மூவரும் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார்கள். சுவரில் ஊர் வரைபடம். அதில் சிவப்புப் பொட்டுகள்.

"கண்டுபிடிச்சுட்டோம் கண்ணு," என்றார் மாமா.

"அப்படியா? சொல்லுங்க மாமா."

"நானும் சித்தப்பாவும் ஒவ்வொரு பள்ளிக்கூடமா, கிளினிக்கா ஏறி இறங்கிட்டோம். ஜனங்க உக்காருவாங்க. ஆனா வாங்க..."

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. மேனேஜர். பெரிய மெஷினில் எண்ணெய் கசிகிறதாம். அவள் போனைக் காதில் வைத்தபடியே தலையாட்டினாள். மாப்பிள்ளை வரைபடத்தில் விரலால் கோடு இழுத்துக்கொண்டே போனார். மாதம், வாடகை, மாற்றிக் கொடுப்பது என்று ஏதோ காதில் விழுந்தது. சீல் போய்விட்டதா, வாஷர் போய்விட்டதா என்பதில்தான் அவள் மனம் இருந்தது.

"ரொம்பப் பிரமாதம்," என்றாள் எழுந்துகொண்டே. "இன்னும் கொஞ்சம் ஆழமா யோசிங்க. அடுத்த மாசம் விரிவாப் பேசலாம்."

சித்தப்பாவின் முகம் வாடியதை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எண்ணெய்க் கசிவுதான் அப்போது பெரிதாகத் தெரிந்திருக்கும்.

ஊரில் இன்னொரு நாற்காலிக் கம்பெனி இருந்தது. அதன் முதலாளி ஒரு காலத்தில் மர பெஞ்சு செய்து விற்றவர். அதனால் அவர் பெயரே பெஞ்சுக்காரர் ஆகிவிட்டது. கடன் சுமையில் தத்தளித்த பெரியவளின் கம்பெனி எப்படித் திடீரென்று தலைநிமிர்ந்தது என்பது பெஞ்சுக்காரருக்குப் பெரிய புதிர். ஆள்விட்டு விசாரித்தார். கடைத்தெரு மாடியில் ரகசியமாக ஒரு ஆபீஸ் நடக்கிறது, ஜன்னலில் எப்போதும் திரை, மூன்று முக்கியஸ்தர்கள் காலையிலிருந்து மாலைவரை உள்ளே என்னவோ செய்கிறார்கள், கரண்ட் போனால்கூட அங்கே மட்டும் விளக்கு அணைவதில்லை என்று செய்தி வந்தது. பெஞ்சுக்காரர் தொடையில் தட்டிக்கொண்டார். கம்பெனியின் மூளை அங்கே இருக்கிறது!

கண்ணாடிக் கடைக்காரர் மூலம் இந்தச் செய்தி பெரியவளுக்கும் வந்து சேர்ந்தது. பெஞ்சுக்காரர் மூவரையும் சாப்பிட அழைத்துப் போகிறார், தன் காரிலேயே கொண்டுவந்து விடுகிறார் என்று கேள்விப்பட்டாள். மேனேஜரிடம் சொன்னபோது அவர் முதல் முறையாகப் பல் தெரியச் சிரித்தார்.

"மேடம், நாம எதுவும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தாலே போதும்."

அவள் சும்மா இருந்தாள். சும்மா இருப்பது அவ்வளவு கஷ்டமான வேலை என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

ஒரு நாள் மூவரும் சேர்ந்து அவள் அறைக்கு வந்தார்கள். உட்காரவில்லை. சித்தப்பா தொண்டையைச் செருமினார். மாமா மின்விசிறியைப் பார்த்தார். கடைசியில் மாப்பிள்ளைதான் பேசினார்.

"அக்கா, எங்களுக்கு வெளியில ஒரு வாய்ப்பு வந்திருக்கு."

பெரியவள் உதட்டை அழுத்திக் கடித்துக்கொண்டாள். அழுகையை அடக்குகிறாள் என்று அவர்கள் நினைத்தார்கள்.

"பெஞ்சுக்காரரா?" என்றாள் மெல்லிய குரலில்.

"எங்களை அவரு மதிக்கிறாரும்மா," என்றார் சித்தப்பா. குரல் உண்மையாகவே தழுதழுத்தது. "நாங்க சொல்றதைக் காது குடுத்துக் கேக்கறாரு. நீ கேக்கவே இல்லையே."

அந்தக் கணத்தில் அவளுக்கு மனதில் ஏதோ சுருக்கென்றது. ஆனால் மகிழ்ச்சி அதைவிடப் பெரிதாக இருந்ததால் சுருக்கென்றதை அவள் கவனிக்காமல் விட்டுவிட்டாள். எழுந்துபோய்ச் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க நல்லா இருந்தா போதும் சித்தப்பா. நான் எப்படியோ சமாளிச்சுக்கறேன்."

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர்கள் படியிறங்கிப் போன சத்தம் ஓய்ந்ததும் மேனேஜர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். ஒரு கையில் கேக் இருந்தது.

வீட்டில்தான் கலவரம். அம்மா தன் தம்பியோடு பேச்சை நிறுத்தினாள். தங்கை போனில் அழுதாள். அவளுக்குக் கோபம் கணவர்மேலா அக்காமேலா என்று அவளுக்கே தெரியவில்லை. அப்பா மட்டும் பெரியவளை வெகு நேரம் உற்றுப் பார்த்தார்.

"மூணு பேரும் போயிட்டாங்களேன்னு உனக்கு வருத்தமே இல்லையா?"

"இருக்குப்பா. ரொம்ப இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் முகம் கழுவப் போனாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அவள் சிரித்தது அப்பாவுக்குக் கேட்டதா இல்லையா என்பதை அவர் கடைசிவரை சொல்லவில்லை.

இந்தக் குதூகலம் மூன்று நான்கு மாதம் நீடித்தது. பெஞ்சுக்காரர் ஏழு நிறத்தில் நாற்காலி போடப்போகிறார், தரையில் கோடு போடப்போகிறார் என்று அவளும் மேனேஜரும் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான், வருடா வருடம் தவறாமல் ஆர்டர் கொடுக்கும் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை போன் செய்தார்.

"இந்த வருஷம் வேண்டாம்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

"வேற யார்கிட்டயாவது வாங்கறீங்களா டீச்சர்? விலை பேசிக்கலாமே."

"வாங்கவே இல்லம்மா. உங்க மாமாதான் பெஞ்சுக்காரர் சார்பா வந்தாரு. வாங்க வேண்டாம், மாச வாடகைக்கு எடுத்துக்கோங்க, உடைஞ்சா அன்னைக்கே மாத்தித் தர்றோம்னாரு. மொத்தமாப் பணம் புரட்டறதுக்கு இது எவ்வளவோ மேல். உங்க சித்தப்பா மாசா மாசம் வந்து ஒவ்வொரு நாற்காலியா ஆட்டிப் பாத்துட்டுப் போறாரு. எவ்வளவு அக்கறை! இதை யோசிக்கச் சொன்னதே நீங்கதானாமே?"

பெரியவள் போனை வைத்தாள். மாதம், வாடகை, மாற்றிக் கொடுப்பது. ஏசி அறையும் சிவப்புப் பொட்டுகளும் எண்ணெய்க் கசிவும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. ஜனங்கள் உட்காருவார்கள், ஆனால் வாங்க மாட்டார்கள். அவளிடம்தான் முதலில் சொன்னார்கள். அதுவும் அவள் சம்பளத்தில், அவள் ஏசியில் உட்கார்ந்து யோசித்துச் சொன்னார்கள். அவர்களை ஓரங்கட்ட ஒரு அறையை ஏற்பாடு செய்தாள். அந்த அறை உண்மையிலேயே வேலை செய்துவிட்டது. விலைவாசி நாளுக்கு நாள் ஏறுகிற ஊரில் யார் கையிலும் மொத்தமாகப் பணம் இல்லை என்பதை, மெஷினே கதியென்று கிடந்த அவளும் மேனேஜரும் பார்க்கவில்லை. வேலை இல்லாமல் ஊர் சுற்றியவர்கள் பார்த்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிளினிக்குகள் போயின. கிளினிக்குகளுக்குப் பின்னால் டியூஷன் சென்டர்கள். கிடங்கில் வெள்ளையும் பழுப்பும் கூரையைத் தொட்டன. மேனேஜர் கேக்கைப் பற்றி மறுபடி பேச்செடுக்கவில்லை.

இரண்டு வாரம் அவள் கிடங்குக்கும் அறைக்குமாக நடந்தாள். தன்மேலேயே வந்த கோபத்தை எங்கே காட்டுவது என்று தெரியாமல் லாரி டிரைவரைக் கோபித்துக்கொண்டாள். பிறகு ஒரு நாள் மதியம் அதே பள்ளிக்கூடத்துக்குப் போய், வகுப்பறையில் இருந்த பெஞ்சுக்காரரின் வாடகை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். பின்னுக்குச் சாய்ந்தாள். முதுகுப்புறம் முனகியது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள். படாரென்று உடைந்து தரையில் கிடந்தாள்.

தலைமை ஆசிரியை பதறிப்போய் ஓடி வந்தார். பெரியவள் தரையில் உட்கார்ந்தபடியே, "டீச்சர், இது எத்தனாவது?" என்று கேட்டாள்.

"அதை ஏன் கேக்கறீங்க. வாரத்துக்கு நாலு அஞ்சு உடையுது. பாவம், உங்க சித்தப்பா முகம் சுளிக்காம மாத்திக் குடுக்கறாரு."

பெரியவள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். விற்கிறவனுக்கு நாற்காலி உடைந்தால் லாபம். வாடகைக்கு விடுகிறவனுக்கு உடைந்தால் நஷ்டம். அரைத்த கழிவைக் கலந்து மலிவாகச் செய்யும் பெஞ்சுக்காரரின் நாற்காலி விற்பதற்குச் சரி, வாடகைக்கு ஒத்துவராது. உடையாத நாற்காலி அவள் கிடங்கில் கூரைவரை அடுக்கியிருக்கிறது.

மறுநாளே பெஞ்சுக்காரரின் ஆபீசுக்குப் போனாள். அவர் எழுந்து வணக்கம் சொன்னார். ஆள் கொஞ்சம் இளைத்திருந்தார். வாடகை வியாபாரம் ஓகோவென்று போகிறது, ஆனால் உடைந்ததை மாற்றி மாற்றியே மெஷின் தேய்கிறது என்று ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். அவளிடம் நாற்காலி வாங்குவது பற்றிப் பேச வேண்டும் என்றால் தன்னிடம் இல்லை, அதற்கென்று தனிக் குழு இருக்கிறது என்று அடுத்த அறையைக் காட்டினார்.

உள்ளே நீள மேஜை. அதன் மறுபக்கம் சித்தப்பா, மாமா, மாப்பிள்ளை.

"வாம்மா, உக்காரு," என்றார் சித்தப்பா. எழுந்திருக்கவில்லை. இத்தனை வருடமாகத் தன்னைக் கண்டு எழுந்து நின்ற குருணை வியாபாரிகளை அவர் அப்போது நினைத்திருக்க வேண்டும். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

பெரியவள் நின்றாள். நாற்காலியில் உட்காராமலே, "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்," என்றாள். "அன்னைக்கு நீங்க சொன்னதை நான் கேக்கல. போன்ல இருந்தேன். உங்களை அங்க உக்கார வச்சதே உங்க தொல்லை இல்லாம இருக்கத்தான்."

 மாப்பிள்ளை பேனாவைக் கீழே வைத்தார். மாமாதான் முதலில் சிரித்தார், வயிறு குலுங்க.

"அது எங்களுக்குத் தெரியாதா கண்ணு? ரெண்டாவது மாசமே தெரியும். ஏசி நல்லா இருந்துச்சு, அதான் சொல்லல."

"அப்புறம் ஏன் மாமா அவ்வளவு தூரம் அலைஞ்சீங்க?"

"சும்மா எவ்வளவு நேரம்தான் தூங்கறது? உன் சித்தப்பா கூடவே ஒரே அறையில இருந்து பாரு, தெரியும். வெளியில கிளம்பிட்டோம். கிளம்பின இடத்துல ஆளுங்க பேசினாங்க. கேட்டோம்."

பிறகு பேரம் தொடங்கியது. பெரியவள் தன் வாழ்க்கையில் அவ்வளவு கொடுமையான பேரத்தைப் பார்த்ததில்லை. அவள் கம்பெனியில் குருணைக்கு விலையே கேட்காத சித்தப்பா, இந்தப் பக்கம் உட்கார்ந்ததும் பைசாவுக்குப் பைசா மல்லுக்கட்டினார். அவளுடைய கழிவு எவ்வளவு, கரண்ட் செலவு எவ்வளவு என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒன்றையும் பூசி மெழுக முடியவில்லை. மாமா நடுநடுவே தேனாகப் பேசி அவள் ஒத்துக்கொள்ளாததை ஏற்கெனவே ஒத்துக்கொண்டதாகச் சொல்லிக்கொண்டே போனார். கைப்பிடி அரை அங்குலம் அகலமாக வேண்டும், முதுகுப்புறம் கனமாக வேண்டும் என்று மாப்பிள்ளை படம் வரைந்தே காட்டினார். அதற்குப் புது அச்சு செய்ய வேண்டும். அச்சுச் செலவு யாருடையது என்பதில் மட்டும் ஒரு மணி நேரம் போனது. அவள் ஒரு தடவை மேஜையைத் தட்டிக் கத்தினாள். சித்தப்பா பதிலுக்குக் கத்தினார். தன்னிடம் வேலை பார்த்தபோது சித்தப்பாவை ஒரு வார்த்தை கடிந்து பேச அவளுக்கு வாய் வந்ததில்லை. சித்தப்பாவும் முதலாளியம்மா என்று அடக்கி வாசிப்பார். இப்போது இரண்டு பேரும் வஞ்சனையில்லாமல் சண்டை போட்டார்கள். வெளியே வரும்போது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. மனம் லேசாக இருந்தது.

அச்சுச் செலவில் பாதி பாதி என்று முடிந்தது. பெஞ்சுக்காரர் நாற்காலி செய்வதை அடியோடு நிறுத்திவிட்டு வாடகையை மட்டும் பார்ப்பது, அவள் செய்து கொடுப்பது என்று ஒப்பந்தம். கிடங்கில் கூரை மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது. மூன்றாவது மெஷின் வாங்குவது பற்றி மேனேஜர் பேச ஆரம்பித்தார். கடன் கேட்டு அதே வங்கிக்குப் போனாள். இந்த முறை மேலாளர் எழுந்து நின்றார்.

ஒரு சனிக்கிழமை மேனேஜர் அவள் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"மேடம், உங்ககிட்ட மறைக்க விரும்பல. உங்க மாமா போன் பண்ணாரு. அங்க வந்துடச் சொன்னாரு. கிடங்கெல்லாம் பாத்துக்கணுமாம். சம்பளமும் கூட."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"முடியாதுன்னுட்டேன். அவரு விடல. யோசிச்சுச் சொல்லு தம்பின்னாரு. நானும் கொஞ்சம் யோசிச்சுட்டேன், அதையும் சொல்லிடறேன்." என்றார் மேனேஜர். "சம்பளத்தைப் பத்தித்தான் யோசிச்சேன்."

பெரியவள் அப்போதே அவர் சம்பளத்தை உயர்த்தினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வெகு நாளுக்குப் பிறகு எல்லோரும் அப்பா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்மா தம்பியோடு மறுபடி பேச ஆரம்பித்திருந்தாள். ஆனால் சாப்பாட்டு மேஜையில் நாற்காலியைப் பற்றி எவராவது வாயைத் திறந்தால் அவர்களுக்கு இரண்டாம் தடவை பரிமாற மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். எல்லோரும் வானிலை பற்றிப் பேசினார்கள். சித்தப்பா முட்டி வலி பற்றிப் பேசினார். பெரியவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"மாமா, என் மேனேஜரைத் தூக்கப் பாத்தீங்களா?"

மாமா அசரவில்லை. வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார். "ஆமா, பாத்தேன். வர மாட்டேங்கறான். நல்ல ஆளாத்தான் வச்சிருக்க."

"உங்களால அவருக்குச் சம்பளம் ஏத்த வேண்டியதாப் போச்சு."

"ஏத்திட்டியா? அப்படின்னா உன் நாற்காலி விலை கூடுமே!" என்று சித்தப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார். "அதெல்லாம் எங்க தலையில கட்டக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்."

"கட்டாம? பாதியாவது உங்களுதுதான் சித்தப்பா."

"மாப்பிள்ளை, அதைக் குறிச்சுக்கோங்க. ஒத்துக்கலன்னு குறிச்சுக்கோங்க."

மாப்பிள்ளை எச்சில் கையைத் தூக்கிப் பிடித்தபடி இடது கையால் சட்டைப் பையில் பேனாவைத் துழாவினார். தங்கை அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, யாரும் பார்க்காத அந்த நேரத்தில் உப்பு ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அம்மா கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அன்று எல்லோரும் தாங்களே எழுந்து எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.